தகட்டில் வெட்டிய சமாதானம்

நான் அவசரக்காரன் அல்ல, நீதிபதி ஐயா. செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் படம் கீறி, அமிலத்தில் ஊறப்போட்டு அச்சடிக்கிறவனுக்கு அவசரம் ஆகாது.

ஆங்கிலேயரோடு போர் முடியப்போகிறது என்று ஆம்ஸ்டர்டாம் முழுக்கப் பேச்சு. என் தகடு தயாராக இருந்தது. துறைமுகத்தில் ஆலிவ் கிளையோடு சமாதான தேவி, காலடியில் உடைந்த பீரங்கி, பின்னால் பாய் விரித்துப் புறப்படும் வணிகக் கப்பல். அது என் அக்காள் மக்டெல்டின் கணவர் ரெய்னியருடைய கப்பல். எதிர்த்தெரு கோவர்ட்டும் இதையே கீறிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் முந்துவதா? உடன்படிக்கை கையெழுத்தான நாள் என்று ஒரு தேதியை நானே அடியில் வெட்டி, அச்சடித்துக் கடை வாசலில் தொங்கவிட்டேன்.

ஊர் தலைகீழாகிவிட்டது. மீன்காரிகள் என் படத்தைக் கூடையில் செருகிக்கொண்டு ஆடினார்கள். போதகர் பாலத்தின் மேல் உட்கார்ந்து, எழ முடியாமல் சிரித்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்காலோரம் ஓடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியோர் ஆனந்தத்தை நான் அனுபவித்ததே இல்லை.

தோளில் இருந்தபடியேதான் அத்தானைப் பார்த்தேன்.

“மச்சான், நெசமாவே கையெழுத்தாயிடுச்சா? பீரங்கிய எறக்கிட்டா இன்னும் எவ்ளோ பாலாடைக்கட்டி ஏத்தலாம் தெரியுமா?”

“தகட்டுலயே வெட்டியாச்சு அத்தான். இனிமே யாரால அழிக்க முடியும்?”

“அப்ப நாளைக்கே கெளம்புறேன். உங்கக்காகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா திட்டுவா.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைக் கீழே இறக்கிவிட்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் ஆங்கிலேயர் அந்தக் கப்பலைக் கொளுத்தினார்கள். அத்தானோடு இருபத்தாறு பேர். திருப்பிச் சுட அவர்களிடம் ஒன்றும் இல்லை. நானும் வதந்தியை நம்பி ஏமாந்ததாகவே ஊர் நினைத்தது.

நான்கு மாதம் கழித்து உண்மையாகவே சமாதானம் வந்தது. தகட்டில் தேதியைத் திருத்தினேன். கப்பலையும் சுரண்டி, மழமழவென்று தேய்த்து, அங்கே துள்ளும் இரண்டு டால்பின்களைக் கீறினேன். அரை நாள்கூட ஆகவில்லை.

அக்காள் வந்து பார்த்தாள்.

“தம்பி, இதுல அவரு கப்பல் இருந்துச்சே?”

“ஒனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு எடுத்துட்டேன்க்கா.”

“நீ ஒருத்தன்தான்டா என் மனசு தெரிஞ்சவன்” என்று என் கையைப் பிடித்து அழுதாள்.

கோவர்ட் பழைய படத்தை உங்களிடம் கொடுத்திருக்கிறான். ஆமாம், அந்தத் தேதி நான் வெட்டியதுதான். பொய் என்று தெரிந்தேதான் வெட்டினேன். ஆனால் புதிய படத்தையும் பாருங்கள், ஐயா. கடலில் கப்பலே இல்லை. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை.