தம்பியைப் பார்க்கும் டாக்டர்கள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சிமெண்ட் பாக்டரிச் சீருடையில் இருந்தவர் சொன்னார்:

"குண்டு வச்ச என் தம்பிக்கு மனநோய் இருக்கான்னு ரெண்டு டாக்டரு பாக்குறாங்க. குடுத்து வச்சவன்."

"அந்தக் குண்டுல ஒருத்தருக்குக் காலே போயிருச்சு. அவனப் போயி குடுத்து வச்சவங்குறியே மாப்ள?"

"சின்னதுல அவன யாரு அடிச்சா, எதுக்கு பயந்தான்னு அம்மாவ உக்கார வச்சுக் கேட்டாங்க. அம்மா அழுதுக்கிட்டே ஒண்ணுவிடாம சொல்லுச்சு."

"ஒன்னய கேக்கலயா?"

"கேட்டாங்க, அவனப் பத்தி. அதே அப்பங்கிட்ட நானும்தான் அடி வாங்குனேன். நான் குண்டு வைக்கல, அதனால என்னயப் பத்தி யாரும் கேக்கல."

"சரி, நான் கேக்குறேன். சொல்லு."

அவர் வாய் திறந்தார். அழுகைதான் வந்தது.