சட்டையில் ஒட்டிய பஞ்சு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாயங்கால டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். சன்னலோரம் இருந்தவர், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் திடீரென்று கேட்டார்.

“அண்ணே, ஒங்க சட்டையில இருக்க பஞ்சைக் கொஞ்சம் எடுத்துக்கிடட்டுமா?”

“எதுக்குலே?”

“நூல் மில்லு திவாலாகி மூடுனதை அப்பாகிட்ட இன்னும் சொல்லல. அவிய பாத்த வேலையத்தான் எனக்கு வாங்கிக் குடுத்தாவ. இப்பப் படுத்த படுக்கை. ஆனாலும் நான் வீட்டுக்குப் போனதும், தலையத் தடவிப் பஞ்சு எடுத்துவிட்டாத்தான் அவியளுக்கு நிம்மதி.”

“நேத்து என்ன செஞ்ச?”

“நீங்க வேலை பாக்குற பேண்டேஜ் கம்பெனி வாசல்ல கெடந்ததைப் பொறக்கித் தலையில போட்டுக்கிட்டுப் போனேன். விரல்ல உருட்டிப் பாத்துட்டு, ‘இது காயத்துக்கு வைக்கிற பஞ்சுல்லா’ன்னாவ.”

“பொறவு?”

“ஒண்ணும் கேக்கல. இன்னைக்குக் காலையில அவியளே எழுப்பி, ‘ஷிப்டுக்கு நேரமாச்சுலே, கெளம்பு’ன்னாவ.”

பெரியவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

“அவருக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. இனி எதுக்குலே பஞ்சு?”

“தடவுற கைக்கு ஏதாச்சும் அம்புடணும்லண்ணே.”