தீனோவின் பெயர் அச்சில் வந்த விதம்

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. எங்கள் தெருவுக்குத் தபால்காரர் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். அதனால் பதில் தாமதமாகிவிட்டது. வேறு மனவருத்தம் எதுவும் இல்லை.

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள், டாக்டர் ஹெதர். என் தம்பி மகள் தீனோ உங்களிடம் நான்கு வருடம் வரலாற்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். பதிப்பகம் ஒப்புக்கொண்ட தன் முதல் புத்தகத்தை அவள் ஏன் திரும்பப் பெற்றாள் என்பது முதல் கேள்வி. எங்கள் குடும்பக் கடிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பது இரண்டாவது. எனக்கு எழுபத்தொன்பது வயது. சுற்றிவளைத்துப் பேச விருப்பமில்லை.

என் பாட்டனார் போதகர். நூறு வருடத்துக்கு முன் சமோவாவிலிருந்து பப்புவா கடற்கரைக்குப் போய், அங்கே பள்ளியும் தேவாலயமும் கட்டினார். இங்கே ஆக்லாந்தில், மாங்கரேயில் உள்ள எங்கள் சபை மண்டபத்தில் அவர் படம் இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டிருக்கிறீர்கள். நாங்கள் இளவயதில் இந்த ஊருக்கு வந்து இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், மேற்பார்வையாளர்கள் எங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும், மாலையில் அந்தப் படத்தின் முன் வந்து நிற்கும்போது முதுகு தானாக நிமிரும். எங்களிடம் வேறு சொத்து இருக்கவில்லை.

அவருடைய மனைவி லைசா பப்புவாவிலிருந்து தன் தங்கைக்கு எழுதிய முப்பத்தொரு கடிதங்கள், குடும்பத் தலைவன் என்ற முறையில் என்னிடம் வந்தன. தீனோ கேட்டபோது படிக்கக் கொடுத்தேன். என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிக்கலாம், பென்சிலில் குறிப்பெடுக்கலாம், படம் பிடிக்கக் கூடாது. இறந்தவர்களின் கையெழுத்தைக் கேமராவில் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதில் வேறு எண்ணம் எதுவும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பெரியப்பா, பதினேழாவது கடிதத்தைப் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன்."

அவள் சத்தமாக வாசித்தாள். 'வியாழக்கிழமை தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கப்பல் வந்தது. ஞாயிறு ஜெபத்தில் ஒன்பது பாய்கள் காலியாக இருந்தன. அடுத்த கப்பலில் தேவாலயக் கூரைக்குத் தகரம் வந்தது. என் கணவர் மகிழ்ச்சியாக இருக்கிறார்.'

அந்த ஒன்பது பேரும் பாட்டனாரின் பள்ளியில் வளர்ந்த, தாய் தகப்பன் இல்லாத பையன்கள். பிந்தைய கடிதங்களின்படி இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

"அந்தக் காலம் வேற, தீனோ."

"காலம் வேறதான். பையனுங்க பையனுங்கதானே, பெரியப்பா?"

பென்சிலை மறுபடி கையில் எடுத்தாள்: "இது என் புத்தகத்துல வரும். உங்களுக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன்."

"எழுதும்மா" என்றேன். அவளுக்குக் கோக்கோ கலந்து கொடுத்தேன்.

அந்த வருடம் எங்கள் சபையில் பெற்றோருக்காக நீங்கள் ஒரு கூட்டம் நடத்தினீர்கள். இலக்கியமும் வரலாறும் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் எப்படி மேலே வருகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினீர்கள். முதலில் பதிப்பாசிரியர்களை நேரில் பார்க்கும் பயிலரங்கு, பிறகு ஆய்வேட்டைப் புத்தகமாக்க இரண்டு வருட உதவித்தொகை, பிறகு விரிவுரையாளர் வேலை. ஒன்று தவறினால் அடுத்தது கைக்கு எட்டாது, அதனால் குடும்பங்கள் துணை நிற்க வேண்டும் என்றீர்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன். நீங்கள் அதைப் பார்த்துப் புன்னகை செய்தீர்கள்.

பயிலரங்கு வெலிங்டனில், மார்ச் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. என் தம்பி, அதாவது தீனோவின் அப்பா, இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கல்லறைக்கல் திறப்பு வைக்க வேண்டும். நாள் குறிப்பது என் பொறுப்பு. அந்தச் சனிக்கிழமையைக் குறித்தேன்.

அவள் வந்தாள். சமையல் கூடத்தில் அவளுடைய அத்தை மகள் கேலி செய்தாள்: "டாக்டரம்மா, வெங்காயம் உரிக்க எந்த யுனிவர்சிட்டில சொல்லிக் குடுத்தாங்க?"

"உங்கம்மாகிட்டதான் படிச்சேன். ஃபெயில் பண்ணிட்டாங்கடி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாலையில் காருக்குள் தனியாக உட்கார்ந்து நெடுநேரம் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பதிப்பகத்துக்கு என்று பிறகு தெரிந்தது. கெட்டிக்காரி, பார்க்காமலேயே, கடிதத்திலேயே, அவர்களைச் சம்மதிக்க வைத்துவிட்டாள்.

அடுத்தது உதவித்தொகை. விண்ணப்பத்தோடு சமூகத்துப் பெரியவர் ஒருவரின் பரிந்துரை வேண்டும் என்று நீங்களே என்னிடம் கேட்டீர்கள். ஒரு பக்கம் எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. 'தீனோவைப் போன்ற மகள் எந்தக் குடும்பத்துக்கும் வாய்க்க மாட்டாள். நாங்கள் அழைத்தால் எந்த வேலையையும் அப்படியே விட்டுவிட்டு வருவாள். தகப்பனின் கல்லறைக்காக வெலிங்டன் பயிலரங்கையே விட்டவள். இனியும் அப்படித்தான் இருப்பாள் என்று உறுதி சொல்கிறேன்.' படித்துக் கண் கலங்கியதாகச் சொன்னீர்கள். தேர்வுக்குழு இரண்டு வருடமும் மேசையை விட்டு எழாத வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தது.

விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணல் ஜூலையில், ஒரு வியாழக்கிழமை. எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமைப்பெயர் காலியாக இருந்தது. அந்தப் பெயரைப் பெறுகிறவர் அதைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்வார். பாஸ்போர்ட்டிலும் அதுதான், புத்தக அட்டையிலும் அதுதான். அன்று முதல் குடும்பத்தின் மானம் அவருடைய பொறுப்பு. அதைச் சொந்த ஊரில், கிராமத்தார் முன்னிலையில்தான் சூட்ட முடியும். சமோவாவில் உள்ள சவாயி தீவுக்கு விமானம், பிறகு படகு.

"வியாழக்கிழமையா? பெரியப்பா, அன்னைக்குத்தான் எனக்கு இன்டர்வியூ."

"ஊர் முடிவு பண்ணின நாள்மா."

"ஊர்னா நீங்கதானே?"

"உங்கப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய பேரு. அவன் போயிட்டான். உனக்கு வேண்டாம்னா சொல்லு, வேற ஆளைப் பாக்கறேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை. அப்பாவின் பெயரை வேண்டாம் என்று சொல்லக்கூடிய பெண்ணை என் தம்பி வளர்க்கவில்லை.

சடங்கு குறையில்லாமல் நடந்தது. பாய்கள் விரித்து, சடங்குப் பானமான காவா கொடுத்து, மூத்தவர்கள் அவளைப் புதுப்பெயர் சொல்லி அழைத்தார்கள். அவள் அழுதாள். அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆக்லாந்து திரும்பிப் பத்து நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். விரிவுரையாளர் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டிருந்தது. பதிப்பகம் மட்டும் இன்னும் காத்திருந்தது. கூடத்தில் நின்றபடியே பேசினாள்.

"இவ்வளவு அழகான கயிறு எங்க கெடச்சுது, பெரியப்பா?"

"மரியாதையைக் கயிறுன்னு சொல்லாதே."

"சரி, சொல்லல. இனிமே நான் அந்தப் புத்தகத்தைப் போட்டா, இந்தப் பேர்லதான் போடணும். இந்தப் பேரை வெச்சுக்கிட்டு அதை எழுதினா, மொத்தக் குடும்பமும் அம்மா வீட்டு வாசல்ல வந்து நிக்கும். அம்மா தாங்க மாட்டாங்க. திரும்ப வாங்கிக்கிறேன்."

"நல்ல முடிவு."

"எனக்காக இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடிதங்களைப் பத்திரமா வெச்சிருங்க. என் குறிப்பை மட்டும் காட்டினா யாரும் நம்ப மாட்டாங்க. எனக்கப்புறம் வர்றவ எவளாவது எழுதட்டும். அந்தப் பசங்க பேரெல்லாம் அதுலதான் இருக்கு."

"பத்திரமா இருக்கு" என்றேன்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். அவள் அப்படிக் கேட்டபோது கடிதங்கள் இல்லை. சவாயிக்குப் போகும்போது என் பெட்டியில் எடுத்துப் போயிருந்தேன். சடங்கு நாள் விடியற்காலையில் இளைஞர்கள் விருந்துக்குக் கல் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமைப்பெயர் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகும் வழக்கமில்லை. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து வழிவிட்டார்கள். கற்களுக்கு அடியில், தேங்காய் ஓடுகளுக்கு நடுவில், முப்பத்தொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். பதினேழாவதை ஒருமுறை படித்துவிட்டு வைத்தேன். அந்தக் கற்களின் சூட்டில்தான் அன்றைய பன்றியும் சேப்பங்கிழங்கும் வெந்தன. தீனோ பசியோடு இருந்தாள். கிழங்கு நன்றாக வெந்திருக்கிறது என்று சொன்னாள்.

யாரும் என்னைத் தூண்டவில்லை. மறதியாலோ கோபத்தாலோ செய்ததல்ல. பயிலரங்கு, உதவித்தொகை, வேலை, புத்தகம், கடிதங்கள், ஐந்தையும் யோசித்து, ஒவ்வொன்றாக நானே எடுத்தேன். நீங்கள் இதைப் பல்கலைக்கழகத்திடம் காட்டலாம். அவளிடம் மட்டும் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அவை இருக்கின்றன என்று நினைப்பதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அவள் இப்போது விமான நிலையத்தில் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்கு வருகிறாள், என் பக்கத்தில் உட்காருகிறாள். முன்பு போல் கேலி பேசுவதில்லை. பெயர் வந்தபின் ஒரு நிதானம் வந்திருக்கிறது.

போன மாதம் எங்கள் சபை பாட்டனாரின் நூற்றாண்டு மலரை வெளியிட்டது. அவருடைய வாழ்க்கையை எழுத எங்களில் அவளைவிடத் தகுதியானவர் யார்? கேட்டேன், எழுதினாள். எட்டுப் பக்கம். பள்ளி, தேவாலயம், தகரக் கூரை, எல்லாம் முறையாக வந்திருக்கிறது. அட்டையில் அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். அவளுடைய எழுத்து அச்சில் வர வேண்டும் என்று நீங்களும் எவ்வளவோ முயன்றீர்கள். கடைசியில் அது எங்கள் குடும்பத்தால்தான் முடிந்தது. ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். வெளியீட்டன்று அவளையே வாசிக்கச் சொன்னோம். கூரையைப் பற்றிய பத்தியில் குரல் நின்றுவிட்டது. மீண்டும் தொடங்க வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு பெருமை அவளுக்கு.