துணிக்கூரைக்கு ஒரு காடு

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எருமப்பட்டிப் பேருந்தில் என் முன் இருக்கையில், அகழாய்வுக் குழிக்குக் கூரை போட வந்த சென்னைப் பொறியாளரம்மா பக்கத்து விவசாயியிடம் சொன்னார்:

“கூரை மேலே போயிடக் கூடாது. அதுதான் என் கவலை.”

“கீழ உழுந்துருமின்னுதானுங்க அம்மணி பயப்படோணும்?”

“இது துணிக்கூரை. காத்து தூக்கிடும். இழுத்துக் கட்டணும். குழிக்குள்ள முளை அடிச்சா உள்ள இருக்கற முதுமக்கள் தாழி உடைஞ்சிடும். பக்கத்துல காடுதானாம், அங்க அடிக்கிறோம்.”

“அது என்ற காடுங்க. கடலை போட்டிருக்கறேன்.”

“காட்டுக்குள்ள எப்படிங்க கடலை? நான் வனத்துறைக்கு எழுதிட்டேனே.”

“பின்ன ஊட்டுக்குள்ளயா போடுவாங்க?”

எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைத்தான் காடு என்போம்.

மறுநாள் அந்தக் குழிப் பக்கமாகப் போனேன். கடலைச் செடிகளுக்கு நடுவே நான்கு இடங்களில், முளை அடிக்கச் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தது.