எட்டயபுரத்தைத் தாண்டாத சைக்கிள்

அந்த சைக்கிளின் நிறம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை, டாக்டர். மெரூன் என்றுதான் மனதில் இருக்கிறது. என் தங்கை நீலம் என்பாள். அவள் அதில் உட்கார்ந்து மிதித்தவள். நான் துடைத்து எண்ணெய் போட்டவன். இருவரில் ஒருவருக்கு நினைவு பிசகியிருக்கிறது. அதனால் நான் சொல்லப்போவதிலும் சில பிசகுகள் இருக்கலாம். சின்ன விஷயங்களில் மட்டும்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

காலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "வால்வு நல்லாத்தானே இருக்கு? இதயத்துல ஒரு குறையும் இல்லையே. இவங்கள ஏன் சக்கர நாற்காலியில கொண்டு வந்தீங்க?" தங்கை சுந்தரேஸ்வரியை வெளியே உட்கார வைத்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். உட்கார வைத்துவிட்டேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே. அப்பா ஆடு வைத்திருந்தார், பிறகு கொஞ்சம் நிலம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு ஸ்பின்னிங் மில் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஈஸ்வரி, சுந்தரேஸ்வரியை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் முட்டியையும் வால்வையும் கெடுத்துவிட்டது. வாசல் தெளித்தாலே மூச்சு வாங்கும். நான் கோவில்பட்டியில் வீடு பார்த்து அவளை அழைத்துக்கொண்டேன். படிப்பு நின்றது. வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டிக் கூடு ஒட்டினாள்.

எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம், தங்கச்சியப் பாக்கணும் என்று சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பதில் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அப்போது தெரியாது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. மில்லிலிருந்து வந்தால் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அவள் எதிரில் பசையும் அட்டையுமாக உட்காருவாள். விளக்கு வைக்கும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்போம். மற்றவர்களோடு பேசாமல் இருந்தால் காரணம் சொல்லவேண்டும். அவளோடு சொல்லவேண்டியதில்லை. இதை நீங்கள் பெரிதாக நினைக்கமாட்டீர்கள். எனக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில் இங்கே மதுரையில் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். நன்றாகவே முடிந்தது. அப்போது பார்த்த டாக்டர் பெரியவர், இப்போது இல்லை. அவர் சொன்னார்: "இவ்வளவு நாள் படுத்தே கிடந்த இதயம். அதுக்கு வேலை குடுத்துப் பழக்கணும். ஓட வேண்டாம், முட்டி தாங்காது. வீட்டுல வச்சு மிதிக்கிற சைக்கிள் வாங்கிக் குடுங்க. இருபது நிமிஷம் மூச்சு வாங்காம மிதிச்சுட்டாங்கன்னா எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் கல்யாணம், குழந்தை, எதுக்கும் நான் குறுக்க நிக்க மாட்டேன்."

சைக்கிளை நான்தான் வாங்கினேன். சந்தோஷமாகத்தான் வாங்கினேன். ரயிலில் கொண்டுவந்து, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஏற்றி, முன் அறையில் ஜன்னல் ஓரமாகப் போட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

கைப்பிடிக்குக் கீழே ஒரு கறுப்புத் திருகு இருந்தது. அதைத் திருகினால் உள்ளே ஒரு பட்டை சக்கரத்தை இறுக்கும், மிதிப்பது பாரமாகும். அதில் எண் எதுவும் போட்டிருக்கவில்லை. கடைக்காரர் ஓரளவில் வைத்து, "இவங்களுக்கு இது போதும்" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அளவைப்போல ஈஸ்வரி அதை எடுத்துக்கொண்டாள். ஒருநாளும் அதில் கை வைக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பேபி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள், வாய் ஓயாது. சைக்கிளில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை வைத்து அவள்தான் அந்த விளையாட்டை ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை தோறும் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடவேண்டும். அடுத்த வெள்ளிக்குள் எந்த ஊர் வரை போனோம் என்று கணக்கு.

"ஏட்டி, இந்த வாரம் எங்க நிக்க?"

"எட்டயபுரம் தாண்டிட்டேன்க்கா."

"அப்படியே வெளாத்திகுளத்துல எறங்கி எனக்கு ஒரு சீப்பு பழம் வாங்கிட்டு வாட்டி. பஸ்ஸுல கண்டக்டர் சில்லறை இல்லன்னு திட்டுதான்."

இரண்டு மூன்று மாதத்தில் அவள் முகம் மாறியது. கன்னத்தில் ரத்தம் வந்தது. சாயங்காலங்களில் கூடு ஒட்டும்போது பேசத் தொடங்கினாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்பேன்.

அந்தச் சமயத்தில்தான் யோகராஜ் வந்தார். விளாத்திகுளம் தாண்டி நாகலாபுரத்துக்காரர், கரிசல் நிலத்தில் மிளகாயும் கொத்தமல்லியும் போடுகிறவர். முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள், பிள்ளை இல்லை. ஒரு கல்யாண வீட்டில் ஈஸ்வரியைப் பார்த்துவிட்டு ஆள் விட்டுக் கேட்டார். விஷயத்தை மறைக்காமல் சொன்னோம். டாக்டர் சரி என்று சொல்லட்டும், தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார். நல்ல மனிதர். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அதற்குப் பிறகு மீட்டரில் நாகலாபுரம் வரை போய்விடவேண்டும் என்று ஈஸ்வரி மிதித்தாள். ஒருநாள் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, நான் போய்ட்டா நீ ராத்திரி யாரு கூட இருப்ப?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் துணியை எடுத்து சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினேன்.

திருகு முதல்முறை இறுகியது அந்த வாரத்தில். நான் வேண்டுமென்று திருகினேனா, துடைக்கும்போது கை பட்டதா என்று இன்றுவரை நிச்சயமில்லை. மறுநாள் அவள், "இன்னைக்கு என்னமோ கால் கனக்கு" என்றாள். நான் அதைத் தளர்த்தவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. ஈஸ்வரி அரிவாள்மணைக்கும் தையல் மிஷினுக்கும் வைத்ததுபோல சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கைப்பிடியில் ஒன்று, திருகின் உச்சியில் ஒன்று. இரண்டு நாள் கழித்து அவள் குளிக்கப் போயிருந்தபோது திருகினேன். உச்சியில் இருந்த பொட்டு பக்கவாட்டில் போய் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பூஜை அலமாரியிலிருந்து சந்தனம் குழைத்து வந்து, உச்சியில் புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். அதன் மேல் குங்குமமும் வைத்தேன். கை பட்டது என்று அதற்குப் பிறகு என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான். அவளை நோகடிக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. தை தாண்டினால் போதும் என்று இருந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. எது நடந்தாலும் என் கை அதன் வேலையைச் செய்தது, நான் பக்கத்தில் நின்றேன். அப்படித்தான் இருந்தது, டாக்டர்.

"என்னட்டி, இன்னும் எட்டயபுரத்துலயே நிக்க? பஸ்ஸு பஞ்சரா?" என்று பேபி கேட்டாள். ஈஸ்வரி சிரிக்கவில்லை. "மூச்சு வாங்குதுக்கா" என்றாள். பேபி அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருமுறை ஈஸ்வரி கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டாள். தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தபோது நான் மில்லில் இருந்தேன். நான் வருவதற்குள் அவளே எல்லாக் குடத்தையும் பிடித்து உள்ளே வைத்திருந்தாள். இறுக்கிய சைக்கிளை மிதித்து மிதித்து அவளுக்கு அவ்வளவு பலம் வந்திருந்தது. அது எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, கொடம் தூக்கையில எனக்கு மூச்சே வாங்கல. சைக்கிள்ல ஏறுனாத்தான் வாங்குது. அது ஏன்?"

"கொடம் தூக்குறது கை பலம் ஈஸ்வரி. நெஞ்சு எப்படி இருக்குன்னு சைக்கிள்தான் சொல்லும். டாக்டர் அதுக்குத்தான வாங்கச் சொன்னாவ."

அவள் தலையாட்டினாள். தன் உடம்பைவிட அந்த சைக்கிளை அவள் நம்பினாள். என்னை அதைவிட நம்பினாள்.

மறுபரிசோதனைக்கு வரச்சொன்ன நாளில் மதுரைக்கு நான் மட்டும் வந்தேன். அவளுக்குப் பயணம் முடியவில்லை, மிதித்தால் மூச்சு வாங்குகிறது என்று பெரியவரிடம் சொன்னேன். "ஆச்சரியமா இருக்கே, கட்டாயம் கூட்டிட்டு வாங்க" என்றார். ஊருக்குத் திரும்பி, டாக்டர் அவசரப்பட வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். அன்று அவள் சாப்பிடவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

மார்கழி முடிகிற சமயம் யோகராஜ் ஒரு பையில் மல்லி கொண்டுவந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். ஈஸ்வரி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் சைக்கிளைச் சுற்றி வந்தார்.

"இதுதானா அந்த வண்டி? எங்க ஊருக்கு வார பஸ்ஸு இதவிட மெதுவாத்தான் வருது, அண்ணாச்சி."

பேபி வாசலில் நின்றுகொண்டு, "ஏறிப் பாருங்க மாப்ள, லைசென்ஸ் கேக்க மாட்டாவ" என்றாள்.

நான் தடுப்பதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். இரண்டு சுற்று மிதித்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, எழுந்து நின்று மிதித்தார். பிறகு இறங்கி மூச்சு வாங்கச் சிரித்தார்.

"யம்மாடி. கரிசல்ல மழைக்குப் பொறவு வண்டி பதிஞ்ச கணக்கா இருக்கு. காடு உழுத காலு இது, எனக்கே முடியலயே. இதையா அவிய தெனமும் மிதிக்காவ? அப்பம் அவியதான் என்னத் தூக்கிட்டுப் போவணும்."

பேபி விழுந்து விழுந்து சிரித்தாள். கதவுக்குப் பின்னால் ஈஸ்வரியும் சிரித்தது எனக்குக் கேட்டது.

அவர் போனபின் அவள் என் முன்னால் வந்து நின்றாள். கண் பளபளவென்று இருந்தது. "அண்ணே, அவியளுக்கே முடியலயே?"

நான் வெகுநேரம் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஏதோ கஷ்டமான விஷயம் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை வருடத்தில் அவளாகவே கற்றுக்கொண்டது அது. அவள் கண்ணில் இருந்த பளபளப்பு குறையும்வரை காத்திருந்தேன்.

"நல்ல மனுசன் ஈஸ்வரி. உன் மனசு நோவக்கூடாதுன்னு அப்படி நடிச்சிட்டுப் போறாரு."

"நடிச்சாவளா?"

"காடு உழுதவருக்கு இது முடியாமப் போவுமா? நீயே யோசி."

அவள் யோசித்தாள். "எரக்கப்பட்டா?" என்று கேட்டாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

வேண்டாம் என்று அவளேதான் சொல்லியனுப்பினாள். பேபி வழியாக. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பேபியைக் கேட்டாலும் சொல்வாள். யோகராஜ் மில்லுக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, நான் எதுவும் தப்பாப் பேசிட்டனா?"

"இல்ல. அவளுக்கு உடம்பு முடியல."

"முடியாட்டா என்ன, அண்ணாச்சி. நான் பாத்துக்கிட மாட்டனா?"

ரிசீவரை வைத்துவிட்டேன்.

அதன் பிறகும் கொஞ்ச நாள் மிதித்தாள். பிறகு குறைத்துக்கொண்டாள். பிறகு அதில் ஏறவில்லை. யோகராஜின் கல்யாணப் பத்திரிகை வந்த அன்று நான் திருகை முழுவதும் தளர்த்தினேன். காலால் தொட்டாலே சுற்றும். ஏறிப் பார் என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னேன். ஏறியிருந்தால் அவளுக்கே எல்லாம் தெரிந்திருக்கும். அவள் ஏறவில்லை. அதை நான் என்ன செய்யமுடியும்?

உட்கார்ந்தே இருந்தால் கால் தானாக மெலியும். முதலில் தெருவுக்குப் போகாமல் இருந்தாள், பிறகு வாசலுக்கு. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இந்த மாதம் குளியலறையில் மயங்கி விழுந்ததால்தான் உங்களிடம் கொண்டுவந்தேன். கொண்டுவந்தால் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தேதான் கொண்டுவந்தேன். இல்லாவிட்டால் கோவில்பட்டியிலேயே யாரிடமாவது காட்டியிருப்பேன். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். யோகராஜ் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் பெண் எடுத்தார், இரண்டு பிள்ளைகள். பேபி மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். பெரிய டாக்டர் இறந்துவிட்டார். சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. மில்லை மூடிவிட்டார்கள், நான் இப்போது முழுநேரமும் வீட்டில்தான் இருக்கிறேன். சுந்தரேஸ்வரிக்கு முப்பத்தெட்டு நடக்கிறது. நான்தான் சமைத்துப் போடுகிறேன், தலை வாரிவிடுகிறேன். வால்வு நன்றாக இருக்கிறது என்று அவளிடம் நீங்கள் சொல்வதானால் சொல்லலாம், நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் மெதுவாகச் சொல்லுங்கள். என்னைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை.