வேண்டாதது ஏறாத பெட்டி

கன்டெய்னருக்குள் கண்டதையும் ஏற்றவிடாத காவலரே! ஓட்டையை அடைப்பதைவிட ஓட்டை விழ இடமே வைக்காத ஒப்பற்றவரே! கேள்வி கேட்டே எங்களைக் கிறங்கடித்த கீர்த்திமிகு அம்மையாரே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வுக்கான இந்தப் பாராட்டு மடலில் இன்னும் ஒரு பக்கத்துக்கு அடைமொழிகளை அடுக்கி வைத்திருந்தோம். வாசித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றின் பின்னாலும் "இது எதுக்கு?" என்று உங்கள் குரல் கேட்டது. பதில் தெரிந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவருக்கும் மகளுக்கும், இத்தனை ஆண்டுகளாக நீங்கள் இங்கே என்னதான் செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. இந்த மருத்துவமனையில் நோயாளிக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் ஒரு பெட்டிக்குள் ஓடுகிறது. அந்தப் பெட்டிதான் கன்டெய்னர். அதன் அடித்தட்டுதான் பேஸ் இமேஜ். ஆயத்தமாகக் கிடைக்கும் அடித்தட்டுகளில் கட்டளை அடிக்க ஒரு கருவி, கோப்பைத் திருத்த ஒன்று, வெளியிலிருந்து எதையாவது இறக்கிக்கொள்ள ஒன்று என்று சகலமும் இருக்கும். மென்பொருள் அவற்றில் எதையும் தொடாது. ஆனால் ஒரு சந்து கிடைத்து உள்ளே நுழைகிற திருடன் எல்லாவற்றையும் தொடுவான். வீட்டுக்குள் வந்தவனுக்கு நாமே ஏணியும் கடப்பாரையும் எடுத்துவைத்த கதைதான் அது. ஓடுவதற்கு எது வேண்டுமோ அது மட்டும் இருக்கும் ஒல்லி அடித்தட்டை எங்களுக்குக் கட்டித் தந்தவர் நீங்கள்.

அதைக் கட்டும் நாட்களில் உங்களோடு மல்லுக்கு நின்றவர், சன்னலோர மேசைக்காரரான எங்கள் மூத்த பொறியாளர். உங்களைவிட இரண்டு வயதே இளையவர். அவர் கட்டும் கன்டெய்னரில் இல்லாத பொருளே இராது என்பதால் அவருக்குப் 'பெட்டிக்கடை' என்று பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்பீர்கள். அதட்டல் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத் துடிக்கும் ஆவல்தான் இருக்கும்.

"சார், இது எதுக்கு?"

"இருந்துட்டுப் போகட்டுமே மேடம். அது பாட்டுக்கு ஒரு ஓரமா கிடக்குது."

"கிடக்குதுதான். அதுல ஓட்டை விழுந்தா யாரு உட்கார்ந்து அடைக்கிறது?"

பெட்டிக்கடை மேசை விளக்கைப் பார்ப்பார். யாரோ வைத்ததை யாரோ எடுக்காமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதற்குத்தான் போன மாதம் ஆபத்து வந்தது. நீங்கள் ஓய்வு பெற்றபின் அதைப் பொறுப்பேற்க ஆள் வராவிட்டால் பழைய பெரிய அடித்தட்டுக்கே திரும்பிவிடலாம் என்று பிரிவுத் தலைவர் சொல்லிவிட்டார். பொறுப்பேற்கக் கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. நீங்கள் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தீர்கள். பெட்டிக்கடை அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அவருக்கு அப்போது நினைவில் வந்தது குழந்தைகள் பிரிவு விவகாரம் என்று பிறகு எங்களிடம் சொன்னார். பாராட்டு மடலில் தவறைச் சொல்வது மரபல்ல. ஆனால் இதை விட்டால் உங்களைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. ஒல்லி அடித்தட்டு ஏறிய மறுநாள், விடியும் முன்பே பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் வாசலில் வந்து நின்றார்கள். எல்லோர் கைபேசியிலும் மருத்துவமனை அனுப்பிய நேரம் பல மணி நேரம் முந்தியிருந்தது. கதவே திறக்கவில்லை, பிள்ளைகள் அழுதன.

மூச்சு வாங்க ஓடிவந்த பெட்டிக்கடைக்கு, கோபத்துக்கு நடுவே கொஞ்சம் கொண்டாட்டமும் இருந்தது. "உள்ள போய்ப் பார்க்க ஒரு கதவுகூட வைக்கலியே மேடம்! கட்டளை அடிக்கக்கூட வழியில்ல. இப்ப என்ன பண்றது?"

நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. "தப்பு என்னோடது. உள்ள போக வேண்டாம் சார், கருவியெல்லாம் இருக்கிற பெட்டி ஒண்ணைப் பக்கத்துல மாட்டிப் பாருங்க, பார்த்ததும் கழட்டிடுங்க. நான் கீழ போய் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிப் படியிறங்கிப் போனீர்கள்.

தேடியவர் கண்டுபிடித்தார். எந்த ஊருக்கு எந்த நேரம் என்று சொல்லும் அட்டவணை, வேண்டாதவற்றோடு வேண்டாததாகப் போயிருந்தது. அது இல்லாத பெட்டி, நம் ஊர் மணிக்குப் பதில் உலகப் பொது மணியைக் காட்டியிருக்கிறது. கீழே பேச்சு வாங்கிவிட்டுத் திரும்பிய உங்கள் முகம் அதைக் கேட்டதும் மலர்ந்துவிட்டது. "அப்ப, நம்ம பெட்டி எங்கேருந்து மணி பார்க்குதுன்னு இத்தனை நாளா நமக்கே தெரியாது, இல்லையா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிடத்தில்தான் மேடத்தின் மேல் தனக்குக் கோபமே இல்லையென்று அவருக்குத் தெரிந்ததாம்.

அட்டவணை திரும்ப ஏறியது. அதன் பக்கத்தில் நீங்கள் ஒரு வரி எழுதினீர்கள்: 'தாய்மார்கள் இருட்டில் வந்து நிற்காமலிருக்க.' அன்றிலிருந்து எதை ஏற்றினாலும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதுவது எங்கள் பிரிவின் பழக்கம். காரணம் எழுத வராத பொருள் உள்ளே வராது.

இந்த வாரம், மேசையைக் காலி செய்துவிட்டு அவரிடம் வந்தீர்கள். அடித்தட்டுக்குப் பொறுப்பான காவலர் தம் மின்சாவியால் முத்திரையிட்டால்தான் எங்கள் கணினிகள் அதை ஏற்கும். அந்தச் சாவி உங்களுடையது ஒன்றுதான்.

"என் சாவியை எடுத்துடுங்க சார். இனிமே அது எதுக்கு?"

"இருந்துட்டுப் போகட்டுமே மேடம்." பழைய பதில்தான்.

"இல்லாத ஆளோட சாவி உள்ள கிடந்தா, அது யாருக்கு உதவும்?"

பெட்டிக்கடை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் தம் சாவியை ஏற்றினார். பிறகுதான் உங்களுடையதை எடுத்தார். தம் சாவிக்குக் காரணம் கேட்கும் இடத்தில் சற்று யோசித்து, 'மேடம் கேட்டதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும்' என்று எழுதினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்த நீங்கள், அதற்கு மட்டும் எதற்கு என்று கேட்கவில்லை.

அம்மையாரே! கேள்வியும் கண்ணொளியும் குறையாமல், நோயும் நொடியும் நெருங்காமல், கணவரோடும் மகளோடும் நெடுங்காலம் நிறைவாக வாழ்க! வீட்டு அலமாரிகளை நினைத்தால் எங்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அங்கே எதை எடுத்து வெளியே வைத்தாலும் சட்டமிட்ட இந்த மடலை மட்டும் சுவரில் விட்டுவையுங்கள். காரணம் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் கீழேயே எழுதிவிட்டோம்:

'எங்களை மறக்காமலிருக்க.'

இப்படிக்கு,
உங்கள் அன்புக்குரிய மென்பொருள் பிரிவினர்,
அவர்களோடு, கடையைக் கட்டிவிட்ட பெட்டிக்கடை