பம்பு வீட்டில் நான்கு ஓம்

ஜெராம் பக்கத்து மண் நல்ல மண், ஐயா. செம்பு எர்த் கம்பியை வைத்து அடித்தால் சேற்றில் கால் இறங்குவதுபோல இறங்கிவிடும். பத்தாங் பெர்ஜுந்தாய் அப்படியில்லை. ஈயம் தோண்டிய இடம், கழுவிப்போட்ட மணல்தான் மிச்சம். மணலில் ஈரமும் நிற்காது, மின்சாரமும் இறங்காது.

பம்பில் மின்சாரம் கசிந்தால் அது ஆளைத் தொடாமல் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும். அந்த வழியில் எவ்வளவு தடை என்று அளப்பது என் வேலை. பத்து ஓமுக்குக் கீழே இருந்தால் பாஸ். பதினெட்டு வருஷத்தில் மீட்டரில் பார்க்காத எண்ணை நான் எழுதியதில்லை. ஆபீசில் உட்கார்ந்தபடியே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

அந்த மணலில் இருக்கிற எஸ்டேட் நர்சரி பம்பு வீட்டுக் கம்பியைப் போன வருஷம் அடித்தவனும் நான்தான். இந்த மார்ச்சில் அளந்தேன். நூற்றெண்பது. நான் அடித்த கம்பி ஃபெயில் என்று நானே எழுத வேண்டுமாம். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சுகுமாறனுக்கு, வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான்.

எல்லாரும் செய்வதைச் செய்தேன். தினமும் அங்கே பம்பு போடுகிற குமுதாவை அனுப்பி ஐந்து கிலோ உப்பு வாங்கிவரச் சொன்னேன். தண்ணீரும் அவள்தான் சுமந்தாள்.

“அண்ணே, பம்பைத் தொட்டா விர்ருங்குது. பயமா இருக்குண்ணே.”

“இனிமே இருக்காதுலா.”

உப்பைக் கரைத்துக் கம்பியைச் சுற்றி ஊற்றினேன். அரை மணியில் மீட்டர் நான்கு காட்டியது. நான்கு என்றே எழுதினேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? நாலு மழை பெய்தால் உப்பு போய்விடும் என்று எனக்குத் தெரியும். சோதனை ஃபாரத்தில் அன்றைய எண்ணைத்தான் கேட்டிருந்தார்கள், அடுத்த மாதத்து எண்ணை அல்ல. வேனில் மூன்று புதுக் கம்பிகள் கிடந்தன. அரை நாள் வேலை. அடித்திருந்தால், முதலில் அடித்தது தப்பு என்று நானே தண்டோரா போட்டதாக ஆகியிருக்கும்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன். லோரி டயர் ரப்பரை வெட்டிப் பம்புக்கு முன்னால் போட்டு, அதன்மேல் நின்றுதான் அவள் ஒரு வருஷமாக சுவிட்ச் போட்டிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. என் வேலைமேல் அவ்வளவு அவநம்பிக்கை.

“இது எதுக்கும்மா இன்னும்? செருப்பைக் கழட்டிட்டுத் தொட்டுப் பாரு.”

தொட்டாள். ஒன்றுமில்லை. சிரித்தாள். ரப்பரை நானே எடுத்து வேனில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரலில், ஒரு வாரம் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, பம்பு வீட்டில் வெறுங்காலோடு கிடந்தாளாம். துக்கத்துக்குப் போனேன். அவள் புருஷன் தனேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த ரப்பர் எங்கண்ணே போச்சு?” என்று கேட்டான். அழுகிற மனுஷனிடம் என்ன விளக்குவது?

கம்பி சரியில்லை என்று தெரியும். ரப்பரை எடுத்ததும் நான்தான். மறைக்கவில்லை. ஆனால் செத்த அன்று காலையில் அவளுக்குத் துளி பயம் இருந்திருக்காது. அந்த நிம்மதியைக் கொடுத்தவனும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.